கண் சிவந்தால் கண்ணை மட்டும் பார்த்தல் போதுமா?

(திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் நமது திண்டுக்கல் சமவெளியில் கிணறுகளில் நீர் ஏறுகிறது, கண்மாய்கள் நிரம்புகின்றன, நம் உள்ளமும் நிறைகிறது. அதே பருவத்தில் வேண்டாத விருந்தாளி ஒன்றும் ஊருக்குள் நுழைகிறது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை காலையில் எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டு கண்ணைத் திறக்கமாட்டாமல் அழுகிறது. மறுநாள் தாய்க்குக் கண் சிவக்கிறது. நான்காம் நாள் அண்டை வீட்டில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கின்றனர். அடுத்த வாரம் பள்ளியில் பாதி வகுப்பு காலியாகிறது. "மெட்ராஸ் ஐ வந்துவிட்டது" என்று நாம் சொல்லிவிட்டு, மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறோம்.

பெரும்பாலும் அது தானாகவே குணமாகிவிடுகிறது. அதனாலேயே கண் சிவப்பை நாம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் சிவந்த கண் எப்போதும் கண்ணின் நோய் மட்டுமன்று. சில வேளைகளில் அது உடம்பினுள் புகுந்துவிட்ட வைரஸ் என்னும் நச்சுக் கிருமியின் முதல் அறிவிப்பாகவும் இருக்கக்கூடும். ஆகவே கண் சிவந்தவரைக் கண்டால் அவர் கண்ணை மட்டும் பாராமல், அவர் உடம்பையும், வீட்டையும், அவருடைய கோழிக் கூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்று நாம் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து இதுவே.

சென்னையின் பெயர் பெற்ற நோய்

இந்நோய்க்கு நம் மாநிலத் தலைநகரின் பெயர் எவ்வாறு வந்தது? சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கக் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றிய பழமையான நிறுவனமாகும். அங்கே கண்காணிப்பாளராக விளங்கிய கிர்க்பாட்ரிக் என்னும் மருத்துவர், சென்னையில் பலருக்கு ஒரே காலத்தில் பரவிய ஒரு கண் நோயைக் கூர்ந்து ஆராய்ந்து, 1920-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கண் சிவந்து நீர் வடிவதோடு, கருவிழியில் சிறு சிறு புள்ளிகள் விழுவதையும் அவர் அதில் விவரித்தார். அந்நாளில் அதற்குக் காரணமான கிருமி எதுவென்று உலகில் எவருக்கும் தெரியாது. அடினோ வைரஸ் என்னும் கிருமியை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தது 1953-இல்தான். அவ்வினத்தின் எட்டாம் வகையே இத்தகைய கண் நோயைப் பரப்புகிறது என்பது 1955-இல் தெரியவந்தது.

நோயின் பெயர் சென்னையுடையதாயினும் நோய் ஊர் எல்லை பார்ப்பதில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டில் நாள்தோறும் 4,000 முதல் 4,500 பேர் வரை இதனால் பாதிக்கப்படுவதாக அரசு அறிவித்ததை நீங்கள் நினைவுகூரலாம்.

பார்வையால் ஒட்டுமா?

கண்நோய் கண்டவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அதற்காகவே கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்கிறோம். கண் கூச்சத்துக்குக் கண்ணாடி நன்று; தொற்றைத் தடுப்பதற்கு அது உதவாது. பார்வையால் எந்தக் கிருமியும் தாவுவதில்லை. கண்ணிலிருந்து வழியும் நீரில் கிருமி இருக்கிறது. அந்நீர் விரலில் படுகிறது. விரல் துண்டிலும், தலையணையிலும், செம்பிலும், பேருந்தின் கம்பியிலும், பள்ளிப் பலகையிலும் படுகிறது. அங்கே அடுத்தவர் கை பட்டு, அக்கை அவர் கண்ணுக்குப் போகிறது. அடினோ வைரஸ் உலர்ந்த பொருள்களின்மீதும் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில், உயிர்த்திருக்க வல்லது.

நம் வட்டாரத்தின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் எத்தனை கைகள் ஒரே கூடையைத் தொடுகின்றன! ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரே மூட்டையை எத்தனை தோள்கள் மாறி மாறிச் சுமக்கின்றன! சின்னாளபட்டித் தறி வீடுகளில் ஒரு பாவைச் சுற்றி ஒரு குடும்பமே உழைக்கிறது. களத்து மேட்டில் ஒரு துண்டு பலர் முகத்தைத் துடைக்கிறது. இவையெல்லாம் நம் கூட்டுறவின் சிறப்புகள். நோய்க்கும் இவையே பாதைகள்.

ஆகவே முதல் மருந்து சோப்பும் தண்ணீருமே. கையில் தேய்க்கும் சாராய மருந்து இவ்வகை வைரஸிடம் போதிய அளவு பலிப்பதில்லை. கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவதே நம்பகமானது. நோயாளிக்குத் தனித் துண்டும் தனித் தலையணையும் வேண்டும். அவர் கண்ணுக்கு விட்ட சொட்டு மருந்துப் புட்டியை மற்றொருவர் பயன்படுத்துதல் கூடவே கூடாது.

கண்ணில் தொடங்கிக் காலில் முடிந்த கதை

1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரு புதிய கண் நோய் எழுந்தது. ஒரே நாளில் கண் இரத்தமாகச் சிவந்து வீங்கும். மனிதன் சந்திரனில் இறங்கிய ஆண்டு அதுவாதலால், அங்குள்ள மக்கள் அதனை 'அப்போலோ' நோய் என்று அழைத்தனர். 1971-இல் அது இந்தியாவெங்கும் பரவிற்று. வங்க தேச விடுதலைப் போராட்டம் நிகழ்ந்த காலமாதலின், வங்காளத்தார் அதற்கு 'ஜெய் பாங்ளா' என்று பெயரிட்டனர். அந்த நோயைப் பரப்பியது எண்டிரோ வைரஸ் 70 என்னும் கிருமி. இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் வைரஸுக்கு இஃது உறவினம்.

பெரும்பாலோர்க்குக் கண் ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் பம்பாயில் வாடியா என்னும் நரம்பியல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் உண்மையைக் கண்டனர். கண் நோய் தீர்ந்து சில நாள் அல்லது சில வாரம் சென்றபின், மிகச் சிலருக்குக் கால்கள் வலுவிழந்து நடக்க இயலாமற் போயிற்று. இது மிக அரிதாகவே நேர்ந்தது. இதைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. எனினும் கண்ணில் தோன்றிய வைரஸ் கண்ணோடு நின்றுவிடும் என்று நாமாகவே முடிவுசெய்தல் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்குக் காரணம் உண்டு. கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு வெளியுலகுக்குத் திறந்து கிடக்கிறது. கண்ணீர் வடியும் சிறு குழாய் ஒன்று கண்ணையும் மூக்கையும் இணைக்கிறது. கண்ணுக்கு மருந்து விட்டால் தொண்டையில் கசப்புத் தெரிவதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கண், மூக்கு, தொண்டை மூன்றும் ஒரே வழியில் அமைந்த மூன்று வாயில்கள். ஒன்றில் நுழைந்த கிருமி மற்றதிலும் தலைகாட்டும். 2020-இல் கொரோனா பரவியபோது நோயாளிகளுள் சிலருக்குக் கண் சிவந்ததை மருத்துவர்கள் கண்டனர். சீனாவின் வூகான் நகரில் அந்நோயைப் பற்றித் தொடக்கத்திலேயே எச்சரித்து, அதே நோய்க்குப் பலியான லீ வென்லியாங் ஒரு கண் மருத்துவரே.

வேப்பிலை கட்டுமுன் பார்க்க வேண்டியது

கண் சிவப்போடு வரும் வைரஸ் நோய்களுள் நம் குழந்தைகளுக்கு மிகக் கொடியது தட்டம்மை. அதனை மணல்வாரி அம்மை என்றும் சொல்லுவர். முதலில் காய்ச்சல், இருமல், மூக்கில் நீர், கண் சிவப்பு ஆகிய நான்கும் வருகின்றன. மூன்று நான்கு நாள் சென்ற பின்னரே முகத்தில் தொடங்கி உடம்பெங்கும் தடிப்புகள் தோன்றுகின்றன. தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே அக்குழந்தை நோயைப் பரப்புகிறது. தடிப்பைக் கண்ட பின்னரே நாம் வாயிலில் வேப்பிலை செருகுகிறோம். அதற்குள் அங்கன்வாடியிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் தொற்று சென்று சேர்ந்துவிடுகிறது. கண் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்த அன்றே கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் காட்டினால் அந்த நான்கு நாளும் நம் கைக்கு வரும்.

தட்டம்மை கண்ணையே பறிக்கவும் கூடும். வைட்டமின் ஏ சத்துக் குறைந்த குழந்தையின் கருவிழி தட்டம்மைக் காலத்தில் உலர்ந்து, புண்பட்டு, வெண்பூ விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நல்லெண்ணம் கொண்ட மூதாட்டியர் தாய்ப்பாலையோ, நந்தியாவட்டைப் பூவின் சாற்றையோ, வேறு பச்சிலைச் சாற்றையோ கண்ணில் விடுகின்றனர். அன்பினால் செய்யும் செயல்தான். ஆயினும் புண்பட்ட கருவிழியில் புதிய கிருமிகளை ஊற்றுவதாக அது முடிகிறது. கோட்டை மாரியம்மன் சந்நிதியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வோரை நாம் தடுக்கவில்லை. நேர்த்திக்கடனைத் தவறாது செலுத்துங்கள். கண்ணில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.

தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ மருந்து கொடுத்தால் கண்ணும் உயிரும் காப்பாற்றப்படுகின்றன. அதனினும் மேலானது வருமுன் காத்தல். ஒன்பதாம் மாதம் முடிந்ததும் ஒரு தடுப்பூசி, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் மற்றொன்று. இரண்டும் அரசாங்கத்தால் இலவசமாகவே போடப்படுகின்றன. முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் கொல்லையில் இருக்கக் குழந்தைக்கு வைட்டமின் ஏ குறைவது நமக்கு இழுக்கன்றோ?

கோழிக் கூட்டிலிருந்து வரும் சிவப்பு

நம் சமவெளியில் கோழி வளர்க்காத குடியானவர் வீடு அரிது. பெரும் பண்ணைகளும் பலவுள. கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலை நீங்கள் அறிவீர்கள். 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், அடுத்த ஆண்டு நம் நாட்டு இமயமலைப் பகுதியாகிய இராணிக்கேத்திலும் கண்டறியப்பட்டதால், அதற்கு அவ்வூர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன. அதன் வைரஸ் மனிதரின் கண்ணையும் சிவக்கச் செய்யும். நோயுற்ற கோழியைக் கையாண்டவர்க்கும், உயிருள்ள கிருமி கலந்த தடுப்பு மருந்தைக் குஞ்சுகளுக்கு விடுவோர்க்கும் இது வருவதுண்டு. பெரும்பாலும் ஒரு கண்ணே சிவக்கும். சில நாளில் தெளிந்துவிடும். ஆகவே கோழிக்குத் தடுப்பு மருந்து விடும் நாளில் கண்ணைத் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் கை முகம் கழுவுங்கள்.

பறவைக் காய்ச்சல் இதனினும் கடுமையானது. 2003-இல் நெதர்லாந்து நாட்டில் கோழிப் பண்ணைகளில் அது பரவியபோது 89 மனிதருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவர்களுள் 78 பேருக்குக் காணப்பட்ட அடையாளம் கண் சிவப்பு ஒன்றே. அதே வைரஸால் கால்நடை மருத்துவர் ஒருவர் நுரையீரல் அழற்சி கண்டு உயிரிழந்தார். 2024-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் பரவியபோது, மாட்டுப் பண்ணையில் வேலை செய்த ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டது. அவருக்கும் கண்கள் சிவந்ததைத் தவிர வேறு பெரிய துன்பம் எதுவும் இல்லை. அவர் அதைப் பொருட்படுத்தாமல் இருந்திருந்தால் மாட்டிலிருந்து மனிதருக்கு நோய் தாவிய செய்தி அவ்வளவு விரைவில் தெரிந்திராது.

கூட்டிலே கோழிகள் திடீரென்று மடிந்து, அவற்றை அப்புறப்படுத்தியவர்க்குக் கண்ணும் சிவக்குமானால், அச்செய்தியை மறைக்காமல் கால்நடை மருத்துவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தெரிவியுங்கள். இறந்த கோழிகளை வாய்க்காலில் வீசுவதும், மலிந்த விலைக்கு விற்பதும் ஊருக்கே கேடு செய்வதாகும். மருத்துவரிடம் போனால், "நான் கோழி வளர்க்கிறேன், கோழிகள் இறந்தன" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள்.

எல்லாச் சிவப்பும் மெட்ராஸ் ஐ அன்று

உழவர்கள் மறவாதிருக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் குத்தும். சோளத் தோகை கீறும். போரடிக்கும்போது தூசி விழும். பின்னர்க் கண் சிவந்தால் அதையும் மெட்ராஸ் ஐ என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுகிறோம். இது வைரஸ் அன்று. கருவிழியில் பட்ட கீறலில் பூசணமும் பிற கிருமிகளும் குடியேறுவதால் உண்டாகும் புண். அண்டையிலுள்ள மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டைப் பற்றி நடந்த ஆய்வில், ஓராண்டில் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 11 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கணக்கிடப்பட்டது. காலம் தாழ்த்தினால் பார்வை மீளாது.

மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் சில ஸ்டீராய்டு சேர்ந்தவை. அவற்றை விட்டால் ஒரே நாளில் சிவப்புக் குறைந்து கண் வெளுக்கும். குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். ஆனால் உள்ளே கருவிழிப் புண்ணோ, அக்கி வைரஸோ இருக்குமானால் அது தடையின்றி வளரும். சிவப்பு மறைந்தது, பார்வையும் உடன் மறைந்தது என்ற நிலை வரலாம். கிருமிக்கொல்லி மருந்தும் வைரஸைக் கொல்லாது. பழைய புட்டியும் அடுத்த வீட்டுப் புட்டியும் வேண்டவே வேண்டா.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள். கண்ணில் கடுமையான வலி இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சத்தைப் பார்க்க முடியாவிட்டாலோ, கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலோ, கண்ணில் ஏதேனும் பட்டபின் சிவந்தாலோ, காய்ச்சலோ தடிப்போ மூச்சுத் திணறலோ உடன் வந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ அன்றே மருத்துவரை நாடுங்கள். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தையின் கண் சிவந்து சீழ் வடிந்தால் ஒரு மணி நேரமும் காத்திராதீர்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமும், திண்டுக்கல்லிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உங்களுக்காகவே உள்ளன. 104 என்னும் எண்ணில் தொலைபேசி மூலமாகவும் ஆலோசனை கேட்கலாம்.

பஞ்சாயத்தின் கடமை

இறுதியாக, மிகக் கடினமான ஒன்றைப் பேச வேண்டும். கண்நோய் கண்டவர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மேடையில் சொல்லிவிடுவது எளிது. நீர் வடிவதும் சிவப்பும் நிற்கும்வரை, சில வேளை இரண்டு வாரம் வரைகூட, அவர் நோயைப் பரப்பக்கூடும். அன்றாடக் கூலிக்குப் பூப்பறிக்கும் தாய் அத்தனை நாள் வீட்டில் இருந்தால் அடுப்பு எரிவது எவ்வாறு? எரியாது என்பதால்தான் அவர் சிவந்த கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு விடியற்காலையில் வேலைக்கு வருகிறார். அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. வழி காண வேண்டியது ஊரின் பொறுப்பு.

நிலமுடைய பெருமக்கள் அத்தகையோரைக் கூட்டத்தோடு சேர்க்காமல், தனியே செய்யக்கூடிய வேலைக்கு அனுப்பலாம். வரப்பு வெட்டுதல், நீர் பாய்ச்சுதல், காவல் இருத்தல் போன்ற வேலைகள் எந்நாளும் உண்டு. மகளிர் சுய உதவிக் குழுக்கள் தம் சேமிப்பிலிருந்து நோய்க் காலத்துக்குச் சிறு கடன் தரலாம். பிள்ளைகள் விஷயத்தில், ஆசிரியரும் பெற்றோரும் ஒத்துழைத்துச் சில நாள் வீட்டில் நிறுத்தினால் போதும். அதற்காக அப்பிள்ளையைக் கேலி செய்யவோ ஒதுக்கவோ இடமளித்தல் கூடாது.

அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபை, மழைக்காலக் கண்நோய் தொடங்கும் வேளையில் வருகிறது. அச்சபையில் மூன்று செய்திகளைக் கேளுங்கள். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் உள்ளனவா? ஊரில் எந்தக் குழந்தைக்காவது தட்டம்மைத் தடுப்பூசி விடுபட்டுள்ளதா? வெள்ளைக் கழிச்சலுக்கு எத்தனை வீட்டுக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து விடப்பட்டுள்ளது? இம்மூன்று வினாவுக்கும் விடை எழுதிவைக்கும் பஞ்சாயத்தில் சிவந்த கண்களைக் கண்டு எவரும் கலங்க வேண்டுவதில்லை.

வயலில் ஓரிடத்தில் இலை பழுத்தால், இலையைப் பறித்துப் போட்டுவிட்டு உழவன் வீட்டுக்குத் திரும்புவதில்லை. குனிந்து வேரைப் பார்க்கிறான், மண்ணைப் பார்க்கிறான், அண்டை வயலையும் பார்க்கிறான். அந்தக் கவனத்தை நம் மக்களின் கண்கள்மீதும் செலுத்துவோமாக.